உள்ளே யாரைத் தெரியும்?

இந்த முறை வேலை தேடுவது பற்றிய கேள்விகள் மட்டும். பெரும்பாலானவை பெங்களூரின் அடுகோடி, எஜிபுரா, நீலசந்திரா பக்கமிருந்து வந்தவை. அங்கே வந்து இறங்கக் காத்திருக்கும் ஊர்களிலிருந்து வந்தவை மீதி.

கே: தினமும் ஓசூர் ரோட்டில் பாஷ் வளாகத்தைத் தாண்டித்தான் என் பஸ் போகிறது. ஆன்லைனில் விண்ணப்பித்தால் பதிலே இல்லை. உள்ளே யாரைத் தெரிந்தால் வேலை கிடைக்கும்?
*(எலெக்ட்ரானிக்ஸ் பட்டதாரி, அடுகோடி)*

ப: உங்கள் வேலையைத் தெரிந்த ஒருவரை. உங்கள் முகத்தை மட்டும் தெரிந்தவர் போதாது.

அந்த நிறுவனம் இன்று என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள். அடுகோடியின் பெரியவர்களுக்கு அது இன்னமும் 'மைக்கோ'தான். 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. டீசல் பம்பு செய்த பழைய தொழிற்சாலையின் உற்பத்தி பிடதிக்குப் போய்விட்டது. அதே 76 ஏக்கரில் எழுந்த புதிய வளாகத்தை 2022 ஜூன் 30 அன்று திறந்தார்கள். பத்தாயிரம் பேர் வரை உட்கார இடம் உண்டு. லேத்தும் மில்லிங்கும் நின்ற இடத்தில் இன்று வடிவமைப்பும் மென்பொருளும் நடக்கின்றன. தாத்தா காலத்து மைக்கோவை மனதில் வைத்து எழுதிய ரெஸ்யூமுக்கு அங்கே வேலை இல்லை.

நீங்கள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'கேன்' முறையை 1986-ல் வெளியிட்டதே பாஷ்தான். விலை மலிவான மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இரண்டை வாங்கி, கேன் வழியாகப் பேச வையுங்கள். எங்கே சிக்கியது, எப்படி அவிழ்த்தீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதி கிட்ஹப்பில் போடுங்கள். பிறகு அங்கே எம்பெடட் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு அதை அனுப்பி, தீராத ஒரு சந்தேகத்தைக் கேளுங்கள். ரெஸ்யூமை அனுப்பாதீர்கள். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் எழுதுகிறவர்தான் உள்ளே உங்களுக்குத் தெரிந்தவர்.

கே: இதுவும் சிபாரிசுதானே? பெயரை மட்டும் மாற்றிச் சொல்கிறீர்களா?
*(ஓய்வு பெற்ற ஆசிரியர், விவேக் நகர்)*

ப: இல்லை ஐயா. சிபாரிசில் பையனின் வேலையைப் பார்க்காமலே பெரியவர் கையெழுத்துப் போடுகிறார். நான் சொல்வதில் பார்த்த பிறகே ஒருவர் வாய் திறக்கிறார். முதல் வகையில் கிடைத்த வேலை முதல் அப்ரைசல் வரைதான் தாங்கும்.

கே: எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அப்பாவுக்கு மாம்பழ மண்டியில் வேலை. எங்களுக்கு ஏது நெட்வொர்க்?
*(பாலக்கோடு)*

ப: இருக்கிறது. அதை நீங்கள் நெட்வொர்க் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒரு கேள்வி கேட்டார்: வேலையைப் பற்றி உங்களுக்குச் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்? தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர் மூலம் 55.6. அரிதாகச் சந்திப்பவர் மூலம் 27.8. இதை அவர் 1973-ல் எழுதினார். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். தூரத்து ஆள்தான் புதுச் சேதி கொண்டுவருகிறார்.

அரை நூற்றாண்டு கழித்து, லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து ஐந்து ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதுவும் கிரனோவெட்டர் சொன்னதையே உறுதி செய்தது, ஒரு திருத்தத்தோடு. முற்றிலும் அந்நியரும் பயன்படவில்லை, உயிர் நண்பரும் அவ்வளவு பயன்படவில்லை. சில பொதுவான நண்பர்கள் உள்ள அறிமுகக்காரரே மிகவும் உதவினார்.

ஆகவே உங்கள் பட்டியலை இப்படி எழுதுங்கள்: ஹாஸ்டலில் உங்களுக்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் இருந்தவர்கள். கடைசி வருடப் புராஜெக்டுக்கு வைவா எடுக்க வெளியிலிருந்து வந்தவர். கல்லூரி லேப் உதவியாளர் (பாஸாகிப் போனவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பிளேஸ்மென்ட் ஆபீஸைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்). உங்கள் ஊரிலிருந்து பெங்களூர் வந்து பிஜியில் தங்கியிருக்கும் அண்ணன்மார், அக்காமார். மண்டியில் அப்பாவிடம் சரக்கு எடுக்கும் வியாபாரிகளின் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று அப்பாவிடமே கேளுங்கள். ஒரு மண்டிக்காரருக்குத் தெரிந்த மனிதர்கள் பல ஊர்களில் இருப்பார்கள்.

கே: அந்நியருக்கு முதல் மெசேஜ் எப்படி எழுதுவது? 'ஹாய் சார், எனி வேகன்ஸி?' என்று அனுப்பினால் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.
*(எஜிபுரா)*

ப: அந்த நான்கு சொல்லில் பதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? காலியிடம் இருக்கிறதா என்று தேடும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும்: "வணக்கம் அண்ணா. நம் கல்லூரியில் உங்களுக்கு நான்கு வருடம் பின்னால் முடித்தவன். பிரேக் கன்ட்ரோல் பற்றி நீங்கள் எழுதிய பதிவைப் படித்து, அதில் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். முடிவு இந்த இணைப்பில் இருக்கிறது. ஓரிடத்தில் நீங்கள் சொன்னபடி வரவில்லை. நான் எங்கே தவறுகிறேன் என்று நேரம் கிடைக்கும்போது சொல்வீர்களா?"

இதில் வேலை என்ற பேச்சே இல்லை. படித்திருக்கிறீர்கள், செய்தும் பார்த்திருக்கிறீர்கள், மாட்டிக்கொண்ட இடத்தை மறைக்கவும் இல்லை. இந்த மூன்றும் உள்ளவரைத் தன் டீமுக்கு வேண்டாம் என்று எந்த லீடும் சொல்லமாட்டார். சீனியரை அண்ணா, அக்கா என்று அழைக்கத் தயங்காதீர்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அது மரியாதை, குழைவு அல்ல. வேறு ஊர்க்காரரானால் பெயரோடு 'சார்', 'மேடம்' போதும்.

கே: பத்துப் பேருக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. நிறுத்திவிடலாமா?
*(சேலம்)*

ப: நிறுத்தாதீர்கள். கணித மேதை ராமானுஜன் கதையில் பலரும் அவசரமாகத் தாண்டிவிடும் பகுதி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதுவதற்கு முன் ராமானுஜன் அங்கேயே வேறு இருவருக்கு எழுதினார். பேக்கர் ஒருவர், ஹாப்ஸன் மற்றவர். இருவரிடமிருந்தும் உதவி வரவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் மூன்றாமவருக்குப் போனது. மூன்றாமவர் ஹார்டி.

அதைவிட முக்கியம் அதற்கு முந்தைய இரண்டு வருடம். 1910-ல் ராமானுஜனிடம் பட்டம் இல்லை, வருமானம் இல்லை, திருமணம் ஆகிவிட்டது. கையில் நோட்டுப்புத்தகம். திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் இந்த மூளையைப் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வட்டத்தில் சேஷு ஐயர் இருந்தார், கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்கு ஆசிரியராக இருந்தவர். அவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். நோட்டைப் பார்த்த ராவ் சில காலம் மாதாமாதம் தன் பணத்தையே கொடுத்து வந்தார். பிறகு சென்னைத் துறைமுகக் கழகம். பிரசிடென்ஸி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் பரிந்துரை எழுதினார். 1912 மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், கணக்குப் பிரிவில் குமாஸ்தா. மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவும் கிடைத்தது. அங்கிருந்து ஹார்டிக்குக் கடிதம். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை. 1914 மார்ச் 17 அன்று கப்பல்.

இந்தச் சங்கிலியில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒவ்வொருவரும் அவரை இன்னொருவரிடம் அனுப்பினார்கள். வேலை கொடுக்காதவரும் ஒரு கடிதம் கொடுத்தார். ஆகவே உங்களுக்குப் பதில் எழுதுகிறவர் "எங்களிடம் இப்போது இடமில்லை" என்றால் அங்கேயே நன்றி சொல்லி முடித்துவிடாதீர்கள். "வேறு யாரிடம் பேசினால் நல்லது?" என்று கேளுங்கள். இரண்டாவது, எல்லாரும் முதலில் பார்த்தது நோட்டுப்புத்தகம். உங்கள் நோட்டு எங்கே இருக்கிறது?

கே: என் மாமா ஒரு பெரிய நிறுவனத்தில் டைரக்டர். "வா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். போகலாமா?
*(கோரமங்களா)*

ப: வெண்மைப் புரட்சியின் வர்கீஸ் குரியன் போய்ப் பார்த்தார். கிண்டியில் எந்திரவியல் முடித்தவர், ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பு ஆலையில் பயிற்சியில் சேர்ந்தார். தாய்மாமன் ஜான் மத்தாய் அங்கே டைரக்டர். என்ன செய்தாலும் 'டைரக்டரின் மருமகன்' என்ற பெயர் கூடவே வந்தது. பிடிக்காமல் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது அவர் கேட்காத பால்பண்ணைப் பொறியியல். அமெரிக்கா போகுமுன் பயிற்சிக்கு அனுப்பிய இடம் எது தெரியுமா? உங்கள் கோரமங்களாவுக்குப் பக்கத்தில், அடுகோடியில், இன்று தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல வளாகமாக இருக்கிற அதே இடம்.

1949-ல் ஆனந்த் என்ற சிற்றூருக்கு வேண்டா வெறுப்பாகப் போனார். அங்கே கூட்டுறவுச் சங்கத் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் அவரிடம் பழுதான இயந்திரங்களைக் காட்டினார். அவற்றைச் சரிசெய்துகொண்டிருந்தவரை அங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மாமன் கொடுத்த இடத்தை விட்டவர், வேலையைப் பார்த்துக் கூப்பிட்டவரிடம் வாழ்நாள் முழுக்க நின்றார்.

மாமாவிடம் துறையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது அறிவு. விண்ணப்பம் மட்டும் வேறு நிறுவனத்துக்குப் போகட்டும்.

கே: 'எனக்கு மென்ட்டராக இருப்பீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் நழுவுகிறார்கள்.
*(கோவை)*

ப: கேள்வி அவ்வளவு பெரிது. சம்மதித்தால் எத்தனை வருடத்துக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்று அவருக்குத் தெரியாது. இருபது நிமிடம் கேளுங்கள், ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். அவர் சொன்னதைச் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்து, "நீங்கள் சொன்னபடி செய்தேன், இப்படி ஆயிற்று" என்று எழுதுங்கள். பலரும் ஆலோசனை கேட்டதோடு காணாமல் போகிறார்கள். திரும்பி வருகிறவரைத்தான் பெரியவர்கள் நினைவில் வைக்கிறார்கள். மூன்றாவது முறை திரும்பிப் போகும்போது அவர் உங்கள் வழிகாட்டி. அதை இருவரும் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. மிக உயரத்தில் இருப்பவரைத் தேடாதீர்கள். உங்களைவிட மூன்று வருடம் முன்னே போனவருக்கு இன்டர்வியூவில் கேட்ட கேள்விகள் இன்னும் மறந்திருக்காது.

கே: பெரிய தலைவர்களுக்கே நேராக எழுதினால்?
*(ஜெயநகர்)*

ப: எழுதலாம், சொல்ல ஒரு விஷயம் இருந்தால். 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்த சுதா, டாடா குழுமத்தின் டெல்கோ நிறுவன விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இருந்ததைப் பார்த்து ஜே.ஆர்.டி. டாடாவுக்கு ஒரு போஸ்ட்கார்டு போட்டார். அவர் வேலை கேட்கவில்லை, நியாயம் கேட்டார். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வேலையும் வந்தது. பின்னாளின் சுதா மூர்த்தி அவர்தான்.

கே: இரண்டு வருடம் உழைத்த புராஜெக்டை மூடிவிட்டார்கள். ரெஸ்யூமில் காட்ட ஒன்றுமில்லை. மனம் உடைந்திருக்கிறேன்.
*(பி.டி.எம். லேஅவுட்)*

ப: உங்கள் ஊரிலேயே இது ஒருவருக்கு நடந்திருக்கிறது. ராமேஸ்வரத்துக்காரர். பெங்களூரில் பாதுகாப்புத் துறையின் விமானவியல் மேம்பாட்டு நிறுவனத்தில் சிறு குழுவோடு 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்ட் செய்தார். அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறிப் பார்த்தார். பிறகு மேனன் பதவியிலிருந்து போனார், திட்டமும் கிடப்பில் போனது. அப்துல் கலாம் சோர்ந்துதான் போனார்.

ஒருநாள் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன் வந்தார். இயந்திரத்தைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார், ஏறிப் பயணமும் செய்தார். சில நாளில் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ராக்கெட் பொறியாளர் வேலைக்கு நேர்முக அழைப்பு. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் விக்ரம் சாராபாயும் ஒருவர்.

கைவிடப்பட்ட இயந்திரம்தான் கலாமை ராக்கெட்டுக்குக் கொண்டுபோனது. அது ஓடும் நிலையில் இருந்தது, கேட்டதற்கெல்லாம் விடை அவரிடம் இருந்தது. நீங்களும் நிறுவன ரகசியம் எதுவும் வெளியே போகாமல், என்ன பிரச்சினை, எந்த வழியை ஏன் தேர்ந்தீர்கள், எது தோற்றது என்று இன்றே எழுதி வையுங்கள். ஆறு மாதம் போனால் பாதி மறந்துவிடும்.

கே: நண்பர் ரெஃபர் செய்வதாகச் சொன்னார். அவசரப்பட்டு நானே வெப்சைட்டில் விண்ணப்பித்துவிட்டேன். கெட்டுவிட்டதா?
*(மடிவாளா)*

ப: கெடவில்லை, ஆனால் ஒரு படி இழந்திருக்கலாம். நேரடியாக ஏற்கெனவே வந்த பெயரைப் பல நிறுவனங்கள் ரெஃபரலாக ஏற்பதில்லை. சில காலம் கழித்தே திரும்ப ஏற்கின்றன. அடுத்த முறை முதலில் நண்பரிடம் கேளுங்கள். கேட்கும்போது ஜாப் ஐடி, பெயரோடு சேமித்த பிடிஎஃப், நோட்டீஸ் பீரியட், இந்த வேலைக்கு ஏன் பொருந்துவீர்கள் என்று நான்கு வரி, எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். அவர் அதை அப்படியே உள்தளத்தில் ஏற்றினால் போதும் என்ற நிலையில் இருக்க வேண்டும். தயங்கவும் வேண்டாம். நீங்கள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் பல நிறுவனங்களில் அவருக்கும் ரெஃபரல் போனஸ் உண்டு.

கே: ஒரு கன்சல்டன்சி, பேக்டோரில் சேர்த்துவிடுகிறேன், இரண்டு லட்சம் கொடு என்கிறது. மூன்று வருட அனுபவச் சான்றிதழும் தருகிறார்களாம்.
*(பொம்மனஹள்ளி)*

ப: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். வேலைக்காக விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் பக்கங்களில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றன. போலி அனுபவம் பின்னணி விசாரணையில் பிடிபட்டால் வேலையும் போகும், பிஎஃப் கணக்கில் இல்லாத வருடங்களுக்கு விளக்கமும் சொல்ல முடியாது. நிலத்தையோ நகையையோ அடகு வைத்து அந்தப் பணத்தைத் திரட்ட வீட்டில் யாராவது கிளம்பியிருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள்.

கே: ரெஃபரல் என்பதே தங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் வழி. சாதி பார்க்காமலா ரெஃபர் செய்கிறார்கள்? நீங்கள் இதைப் பேசமாட்டீர்கள்.
*(நீலசந்திரா)*

ப: பேசுகிறேன். உங்கள் கோபம் நியாயம்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் சமம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு தலித் பெயருக்கு சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆளையே பார்க்காமல், காகிதத்திலேயே இவ்வளவு.

மேலே சொன்ன ராமானுஜன் கதையையும் இந்தக் கண்ணோடு மீண்டும் படியுங்கள். அவரைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோன இந்தியர்கள் அநேகமாக எல்லாருமே அவர் பிறந்த சமூகத்தவர். திறமை அவருடையது, சந்தேகமே இல்லை. ஆனால் அதே 1910-ல் அதே திறமையோடு ஒரு சேரிப் பிள்ளை இருந்திருந்தால், நோட்டைத் தூக்கிக்கொண்டு எந்தத் துணை கலெக்டரின் வாசலில் நின்றிருக்க முடியும்? அப்படி எத்தனை நோட்டுகள் போயின என்று நமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. இது என்னை உறுத்துகிறது.

உங்களுக்குச் சொல்வது: பெயரையும் கல்லூரியையும்விடச் செய்த வேலையையே பார்க்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள், கோடிங் போட்டிகள், ஹேக்கத்தான். முதல் வேலை அங்கிருந்து வரட்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு உதவும் அமைப்புகளிலும் முன்னாள் மாணவர் குழுக்களிலும் சேருங்கள். இந்தச் சுமை உங்கள் தோளில் மட்டும் இருக்கக் கூடாது. நிறுவனங்கள், ரெஃபரல் வழியாக வந்தவர்கள் எந்தெந்தப் பின்னணியினர் என்று கணக்கெடுக்க வேண்டும். எடுக்காதவரை அந்த வழி திறந்திருக்கிறது என்று அவை சொல்லக் கூடாது.

கே: குழந்தைக்காக ஐந்து வருட இடைவெளி. மறுபடி டெஸ்டிங் வேலைக்குப் போக ஆசை. யாரிடம் கேட்க?
*(இல்லத்தரசி, எஜிபுரா)*

ப: பழைய டீமில் உங்களிடம் வேலை பழகிய பெண் இருப்பார் அல்லவா, அவரிடம். இன்று அவர் லீடாக இருக்கலாம். அன்றைய ஜூனியரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம் அம்மா, உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் அவர். இடைவெளியை ரெஸ்யூமில் ஒரே வரியில் நேராக எழுதுங்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள். இடைவெளி விட்ட பெண்களுக்கென்றே டாடா குழுமம் 2008-ல் 'செகண்ட் கரியர்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதன்பின் பல நிறுவனங்கள் இத்தகைய திட்டங்களை 'ரிட்டர்ன்ஷிப்' என்ற பெயரில் நடத்துகின்றன. அந்தச் சொல்லை வைத்துத் தேடுங்கள். அதற்கு முன் ஆட்டோமேஷன் கருவி ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த ஐந்து வருடத்தில் உங்கள் துறையில் பெரிதும் மாறியது அதுதான்.

கே: பையன் ஐடிஐ ஃபிட்டர் முடித்தான். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத்தானா இந்த வழியெல்லாம்?
*(ஒரு தாய், ஓசூர்)*

ப: இல்லை அம்மா. உங்கள் பையனுக்குச் சட்டமே வழி போட்டு வைத்திருக்கிறது. 1961-ம் வருட அப்ரென்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019-ல் திருத்திய விதி, ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தது. அரசின் அப்ரென்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஓசூரைச் சுற்றியே எத்தனை ஆலைகள்! அடுகோடி மைக்கோவில் 1960-களின் தொடக்கத்திலேயே தொழிற்பயிற்சி மையம் வந்துவிட்டது. அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்று ஃபைல் பிடிக்கக் கற்பதுதான் அன்று அங்கே பாடம்.

பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு வருடம் பையன் கைவேலையைப் பார்த்த ஃபோர்மேன், அங்கே இடமில்லாவிட்டாலும் பக்கத்து ஆலைக்கு ஒரு போன் போடுவார். நேரத்துக்குப் போகச் சொல்லுங்கள். கற்றதைத் தினம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கே: அடுகோடியில் தமிழ் தெரிந்தால் போதுமே. கன்னடம் எதற்கு?
*(லக்கசந்திரா)*

ப: கடையில் சாமான் வாங்கத் தமிழ் போதும். ஹெச்.ஆர்., செக்யூரிட்டி, கேன்டீன், பக்கத்து மேசை என்று எல்லாரோடும் உறவு வேண்டுமானால் கன்னடம் வேண்டும். இந்த ஊர் நமக்குச் சோறு போடுகிறது. அதன் மொழியைக் கற்பது கடமையும்கூட. தமிழருக்கு ஆறு மாதம் போதும்.

கே: நான் உள்ளே இருப்பவன். வாரம் முழுக்க ரெஃபரல் கேட்டு மெசேஜ் வருகிறது. எல்லாருக்கும் எப்படிப் பதில் எழுத?
*(அடுகோடியில் பணிபுரியும் பொறியாளர், சொந்த ஊர் விருதுநகர்)*

ப: எல்லாருக்கும் முடியாது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதற்குள் முடிந்தவரை எழுதுங்கள். வேலையைக் காட்டி எழுதியவருக்கு முதலிடம். தகுதி போதாதவருக்கு எது போதவில்லை என்று ஒரே வரியில் சொல்லுங்கள். ஏன் அழைப்பே வரவில்லை என்று தெரியாமல் இரண்டு வருடம் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த ஒரு வரி அவர்களைக் காப்பாற்றும். தெரியாதவரை ரெஃபர் செய்ய மனம் ஒப்பவில்லையா, அரை மணி நேரம் பேசிப் பாருங்கள், அப்புறம் தெரிந்தவர் ஆகிவிடுவார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து அரசுக் கலைக் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஒரு மதியம் போய் வாருங்கள். உங்கள் நிறுவனத்தில் இன்டர்வியூ எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. இந்த வருடம் நீங்கள் ரெஃபர் செய்யும் பெயர்களில் ஒன்றாவது உங்கள் உறவிலோ ஊரிலோ சாதியிலோ கல்லூரியிலோ சேராத ஒருவருடையதாக இருக்கட்டும். இது என் வேண்டுகோள்.